பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைச் சேர்க்க ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் இரவுப் பணியில் இருக்கிறவர். வேலை நடுவே காதில் மாட்டிக்கொண்டு 1940களின் அமெரிக்க வானொலி நாடகங்களைக் கேட்க ஆரம்பித்து, இப்போது பித்துப் பிடித்துவிட்டது என்கிறார். 20,000 எபிசோடு அடங்கிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஒருவர் 4,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறாராம். வாங்கலாமா, எங்கிருந்து தொடங்குவது, இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்று: தாத்தா இலங்கை வானொலியிலிருந்து பதிந்து வைத்த ஐந்தாறு கேசட் வீட்டில் கிடக்கிறது, அவற்றால் ஏதும் பயன் உண்டா?

மேலோட்டமாகப் பார்த்தால் விலை பற்றிய கேள்வி. ஆனால் அவர் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இவ்வளவு கொட்டிக் கிடக்கிறதே, இதில் எது உருப்படி, எதை நம்பலாம், ஆறே மாதத்தில் சலித்துப் போகாமல் இருக்க என்ன வழி? அதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன். டிஸ்க் விஷயத்துக்கு ஒரே வரி: வாங்காதீர்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பல சமயம் இன்னும் நல்ல பிரதியாகவே.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒலிநாடாக்களைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கும் வேலையில் 28 வருடம் இருந்தேன். இந்த நாடகங்களைச் சேர்ப்பது 1994ல், அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த பன்னிரண்டு கேசட்டில் தொடங்கியது. மர்மம், துப்பறிதல், கௌபாய் வகை நாடகங்களைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். நகைச்சுவையில் பாதிதான் எனக்குப் பிடிபடும். அந்தக் கால அமெரிக்க அரசியல்வாதி பெயரைச் சொன்னதும் அரங்கம் சிரிக்கிற இடங்களில் நானும் உங்களைப் போல முழித்துக்கொண்டு இருப்பவன்தான்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் எதுவும் சேர்த்து வைக்கச் செய்யப்பட்டவை அல்ல. 1930களிலும் 40களிலும் என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற பெரிய வலையமைப்புகள் நாடகங்களை நேரடியாகத்தான் ஒலிபரப்பின. பதிவு செய்ததைப் போடுவது கௌரவக் குறைச்சல் என்றே நினைத்தார்கள், அதற்குத் தடையும் வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் மாலை நடித்த அதே நாடகத்தை, மேற்குக் கரைக்காரர்கள் சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரத்துக்காக, சில மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை நடித்தார்கள். பிங் கிராஸ்பி என்ற பாடகர், எனக்கு வாராவாரம் இந்த நேரடி வேலை ஒத்துவராது என்று அடம்பிடித்து, 1946ல் ஏ.பி.சி. என்ற இன்னொரு வலையமைப்புக்கு மாறித் தன் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிந்து போட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே பதிவுத் தட்டு போய்க் காந்த நாடா வந்தது. தடை உடைந்த கதை சுருக்கமாக இதுதான்.

அப்படியானால் 1946க்கு முந்தையது எப்படி நம் காதுக்கு வந்தது? விளம்பரதாரர்களாலும் ராணுவத்தாலும். சோப்புக் கம்பெனிக்காரர் தன் விளம்பரம் ஒழுங்காக வாசிக்கப்பட்டதா என்று சரிபார்க்க ஒரு பிரதி கேட்பார். வம்பு வழக்கு வந்தால் காட்ட நிலையம் ஒன்று வைத்துக்கொள்ளும். இதற்காகவே 16 அங்குலத் தட்டுகளில் வெட்டினார்கள், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம். அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு, அதில் ஊசி கீறியது. போர்க்காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போய்விட்டதால் கண்ணாடித் தட்டில் பூசினார்கள். அவற்றில் எத்தனை கைதவறி உடைந்தன என்று யாருக்கும் கணக்கில்லை.

ராணுவத்தின் பங்கு இன்னும் சுவாரசியம். 1942லிருந்து அமெரிக்கப் படைகளின் வானொலிப் பிரிவு, புகழ்பெற்ற நிகழ்ச்சிகளிலிருந்து விளம்பரத்தை மட்டும் வெட்டிவிட்டு, வினைல் தட்டில் அச்சடித்து உலகமெங்கும் இருந்த முகாம்களுக்கு அனுப்பியது. கேட்டு முடித்ததும் உடைத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. யாரோ சில சிப்பாய்கள் உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டு போனார்கள், அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நீங்கள் கேட்கும் எபிசோடில் விளம்பரம் வரவேண்டிய இடத்தில் காரணமே இல்லாமல் ஒரு ஆர்கன் இசை ஒரு நிமிடம் ஓடினால், உங்கள் காதில் இருப்பது அப்படியொரு ராணுவத் தட்டின் வாரிசு. சொல்லப்போனால் அதே போரின் இன்னொரு எச்சம் நமக்கும் வாய்த்தது. கொழும்பில் பிரிட்டிஷ் தரப்புப் படைகளுக்காக நடந்த வானொலியின் ஒலிபரப்பிதான் போருக்குப் பிறகு இலங்கை வானொலி கைக்கு வந்தது.

வாரம் ஒருமுறை வந்த நாடகங்களுக்காவது இந்தப் பாக்கியம் உண்டு. பகலில் தினமும் 15 நிமிடம் ஓடிய குடும்பத் தொடர்களின் நிலை பரிதாபம். சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்ததால்தான் அவற்றுக்கு 'சோப் ஓபரா' என்று பெயரே வந்தது. 'மா பெர்க்கின்ஸ்' 1933 முதல் 1960 வரை 7,000 எபிசோடுக்கு மேல் ஓடியது, கிடைப்பது அதில் ஒரு பங்குதான். கௌபாய்த் தொடரான 'த லோன் ரேஞ்சர்' 1933ல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்தாலும் ஒழுங்காகப் பதிந்தது 1938லிருந்துதான். ஆகவே யாராவது 'முழுத் தொகுப்பு' என்று சொன்னால், கிடைத்தவற்றின் முழுத் தொகுப்பு என்று நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். மாறாக 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய்த் தொடர் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, 1952 முதல் 1961 வரை 480 எபிசோடு. 'சஸ்பென்ஸ்' என்ற மர்மத் தொடர் 1942லிருந்து 1962 வரை 900க்கும் மேல், அதில் பெரும்பாலானவை கிடைக்கின்றன.

இப்போது பிரதி விஷயத்துக்கு வருகிறேன். என் தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தட்டிலிருந்து நாடா, நாடாவிலிருந்து இன்னொருவர் நாடா, அதிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து எம்.பி.3, அதைச் சின்னதாக்கி இன்னொரு எம்.பி.3. நீங்கள் கேட்பது பெரும்பாலும் பேரனுக்குப் பேரன். 1970களில் அமெரிக்க ரசிகர்கள் ஸ்பூல் நாடாவில் பண்டமாற்று செய்தார்கள். 1,800 அடி நாடா, நொடிக்கு 3¾ அங்குல வேகம், அகலத்தை நாலாகப் பிரித்து நாலு தடம். ஒரு ஸ்பூலில் 6 மணி நேரம் அடங்கும், அதாவது அரைமணி நாடகம் 12. சிக்கனம்தான். ஆனால் பக்கத்துத் தடம் எதிர்த்திசையில் ஓடுவதால், நாடாவைப் படிக்கும் தலை கொஞ்சம் விலகியிருந்தால் அந்தத் தடத்தின் ஒலியும் லேசாகக் கசியும், அதுவும் தலைகீழாக. பேய்க்கதையின் அமைதியான கட்டத்தில் தூரத்தில் யாரோ புரியாத மொழியில் முணுமுணுப்பது போலக் கேட்டு நான் ஒருமுறை விளக்கைப் போட்டிருக்கிறேன். அது இன்னொரு நகைச்சுவை நிகழ்ச்சி, பின்னாலிருந்து முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

வேகம் அடுத்த தொல்லை. பிரதியெடுத்தவர் இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓடினால் குரல் கீச்சென்று ஆகும், மெதுவாக ஓடினால் கட்டைக்குரல். இதற்குப் பெயர் போன உதாரணம் 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்ததை வானொலி அறிவிப்பாளர் ஹெர்பர்ட் மாரிசன் அழுதுகொண்டே வர்ணித்த பதிவு. எடுத்துச் சென்ற பதிவுக் கருவி மெதுவாகச் சுற்றியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் போட்டபோது அவர் குரல் இயல்பைவிட உச்சத்தில் ஒலித்து, உலகம் முழுக்க அப்படியே பதிந்துவிட்டது. அவருடைய மற்றப் பதிவுகளில் குரல் அப்படி இருக்காது.

வேகம் சரியா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு, எனக்குப் பிடித்த வழி. என்.பி.சி. நிகழ்ச்சி முடிந்ததும் மூன்று மணியோசை வரும். மேற்கத்தியக் கணக்கில் ஜி, ஈ, சி. நம் கணக்கில் சி-யை ஷட்ஜமாக வைத்தால் கீழ்ஸ்தாயி பஞ்சமம், அந்தர காந்தாரம், ஷட்ஜம்: 'ப–க–ச'. போனில் இருக்கிற சுருதிப்பெட்டிச் செயலியை சி-யில், அதாவது ஒரு கட்டையில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி ஷட்ஜத்தைச் சேர்த்துப் பாருங்கள். 262 ஹெர்ட்ஸ் சுமாருக்கு இருக்க வேண்டும். ஒட்டினால் வேகம் சரி. அரை ஸ்வரம் விலகினால் ஆறு சதவீதம் தப்பு, 30 நிமிடத்தில் கிட்டத்தட்ட இரண்டு நிமிட வித்தியாசம். பாட்டு கற்ற வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் செயலிகூட வேண்டாம். சி.பி.எஸ். நிகழ்ச்சிகளுக்கு இந்த வசதி இல்லை. அங்கே மொத்த நீளத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும், வெட்டு இல்லாத அரைமணி நிகழ்ச்சி 29½ நிமிடத்தை ஒட்டி இருக்கும்.

இரைச்சலைப் பற்றிச் சொல்லும்போது என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2004ல் இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்று கைக்கு வந்தது. புது அரிவாள் கிடைத்தவன் மாதிரி, என்னிடம் இருந்த 140 கேசட்டையும் கணினியில் ஏற்றி, சரசரப்பு துளியும் இல்லாமல் வழித்துத் துடைத்தேன். 'சுத்தமாகிவிட்டது' என்று கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். ஒரு வருடம் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது, எல்லாக் குரலும் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுகிறது. 'ஸ', 'ஷ' ஓசைகள் செத்துப் போயிருந்தன, கதவு சாத்தும் ஒலிக்குப் பின்னால் இருக்க வேண்டிய அறையே இல்லை. அந்த 140ல் ஏழெட்டு, அந்த அளவு நல்ல பிரதியாக எனக்கு மறுபடி கிடைக்கவே இல்லை. சரசரப்பு இருந்தால் இருக்கட்டும், பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். இல்லாமல் போன ஓசையை எந்தக் காதும் கொண்டுவர முடியாது.

அந்த 4,500 ரூபாய் டிஸ்க்கை வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. 20,000 எபிசோடை ஒரே டிஸ்க்கில் விற்பவர் எந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்று பார்த்திருக்க மாட்டார். தரம் குறைந்த 32 கிலோபிட் எம்.பி.3யை 128 ஆக்கிப் பெரிய கோப்பாகக் காட்டினாலும் போன உயிர் வராது. கோப்புப் பெயரில் இருக்கும் தேதியும் பெரும் புரட்டு. ஒரே கதையை ஐந்து வருடம் கழித்து வேறு நடிகர்களோடு மறுபடி போட்டிருப்பார்கள், 'சஸ்பென்ஸ்' கதை 'எஸ்கேப்' தொடரிலும் வரும். யாரோ ஒருவர் தப்பாகத் தேதியிட்டால் அது ஆயிரம் டிஸ்க்குக்குப் பரவும். இதற்கு மாற்றாக 'ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ்' என்ற ரசிகர் குழு பல வருடமாக எபிசோடு வாரியாகக் கேட்டு, அந்தக் காலப் பத்திரிகைகளின் வானொலிப் பட்டியலோடு ஒப்பிட்டு, தொகுப்புகளை ஆர்கைவில் இலவசமாகப் போட்டு வருகிறது. பிழையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிழை தெரிந்தால் திருத்தி மறுபதிப்பு போடுகிறார்கள். விற்பனைக்காரர் அதைச் செய்யமாட்டார்.

சரி, எதைக் கேட்பது? என் ஓட்டு முதலில் 'கன்ஸ்மோக்'குக்கு. கான்சாஸ் மாநில டாட்ஜ் சிட்டியில் மார்ஷலாக, அதாவது காவல் அதிகாரியாக, இருக்கும் மாட் டில்லனின் கதை. நடித்தவர் வில்லியம் கான்ராட். கனத்த குரலுக்கு ஏற்ற கனத்த உடம்பு என்பதால் 1955ல் தொலைக்காட்சிக்குப் போனபோது வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கதையைவிட அதன் ஓசைக்காக ஒருமுறை கேளுங்கள். மற்றத் தொடர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார் என்றால் ஒரு கதவுச் சத்தம், முடிந்தது. இங்கே நாற்காலி நகரும், பலகைத் தரையில் பூட்ஸ் நாலு அடி வைக்கும், குதிமுள் கிணுங்கும், கதவு திறந்ததும் தெரு கேட்கும், எங்கோ ஒரு நாய், அதற்கப்புறம்தான் பேச்சு. யாரும் பேசாத அந்த நொடிகளில்தான் ஊரே எழுந்து நிற்கிறது. குதிரைக் குளம்புக்கு அந்தக் கால அமெரிக்க ஒலிக்கலைஞர்கள் பயன்படுத்தியது, நம்புங்கள், கொட்டாங்குச்சி. தேங்காயே விளையாத ஊரில் இதற்காகத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவை ஒரு பையில் கட்டிப் பிசைந்தார்கள், தீ எரியும் ஓசைக்குக் கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினார்கள். அடுக்களையில் ஒருமுறை செய்து பாருங்கள், பிறகு கேட்பதே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, 'சஸ்பென்ஸ்' தொடரில் 1943 மே 25 அன்று வந்த 'சாரி, ராங் நம்பர்'. லூசில் ஃப்ளெட்சர் எழுதியது. படுக்கையில் கிடக்கும் பெண்மணி ஒருத்திக்குத் தொலைபேசி இணைப்பு மாறி, இரண்டு பேர் ஒரு கொலைக்குத் திட்டம் போடுவது காதில் விழுகிறது. அவ்வளவுதான் சொல்வேன். ஆக்னஸ் மூர்ஹெட் அரைமணி நேரமும் கிட்டத்தட்ட ஒற்றைக் குரலாக அதைத் தூக்கிக்கொண்டு போவார். அன்றைய கிழக்குக் கரை ஒலிபரப்பில் முடிவுக்கு அருகே ஒரு நடிகரின் வசனம் தவறிவிட்டது, என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குக் குழப்பம். மேற்குக் கரைக்கு மறுபடி நடித்தபோது சரியாக வந்தது. அதே நாடகத்தைப் பின்னால் மூர்ஹெட் அதே தொடரில் பல முறை நடித்தார். ஒரு நாடகம், பல பிரதிகள், ஒவ்வொன்றிலும் பயம் வேறு இடத்தில் ஏறும். சேர்ப்பதில் இருக்கும் ருசி என்னவென்று எனக்குப் புரிய வைத்தது இந்த ஒன்றுதான்.

துப்பறியும் வகையில் 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்'. நாயகன் இன்ஷூரன்ஸ் புலனாய்வாளன். முழுக் கதையையும் கம்பெனிக்கு அனுப்பும் செலவுக் கணக்காகவே சொல்வான்: முதல் இனம் விமானக் கட்டணம், இரண்டாவது இனம் டாக்ஸி, அடி வாங்கிய இடத்தில் டாக்டர் செலவு. கடைசியில் கூட்டுத்தொகை போட்டு, 'தங்கள் உண்மையுள்ள' என்று கையெழுத்து. டி.ஏ. பில் எழுதிய எவருக்கும் இது பிடிக்கும். பாப் பெய்லி நடித்த காலத்தில், 1955 கடைசியிலிருந்து ஓராண்டு போல, ஒரு கதையை வாரத்தில் ஐந்து நாள் 15 நிமிடமாகப் பிரித்துப் போட்டார்கள். அங்கே ஆரம்பியுங்கள். இந்தத் தொடரும் 'சஸ்பென்ஸ்'உம் 1962 செப்டம்பர் 30 அன்று ஒரே மாலையில் முடிந்தன. அந்த நாளையே இந்த யுகத்தின் கடைசி நாளாக ரசிகர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

நம் ஊர் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்' பக்கம் போவார்கள், போகலாம். ஆனால் ஒரு வித்தியாசம். நம்மவர்கள் படத்தின் ஒலியை வெட்டி ஒரு மணி நேரமாக்கிக் கொடுத்தார்கள். லக்ஸில் படத்தை வானொலிக்கென்று மறுபடி எழுதி, பல சமயம் அதே நட்சத்திரங்களைக் கொண்டுவந்து பார்வையாளர் முன்னால் நேரடியாக நடிக்க வைத்தார்கள். 1936 முதல் 1945 வரை தொகுத்து வழங்கியவர் இயக்குநர் செசில் பி. டெமில். தொழிற்சங்கம் கேட்ட ஒரு டாலர் நிதியைக் கொள்கைப் பிடிவாதத்தால் கட்ட மறுத்து அந்த வேலையையே விட்டார். நாடகமாக எனக்கு லக்ஸ் கொஞ்சம் சவசவ என்றுதான் இருக்கும். நகைச்சுவையில் கஞ்சனாக வரும் ஜாக் பென்னி மட்டும் எனக்கு முழுசாகப் பிடிபடும், ஏனென்றால் கஞ்சன் எல்லா ஊரிலும் கஞ்சன்தான். 1948 மார்ச் 28 நிகழ்ச்சியில் வழிப்பறிக்காரன் துப்பாக்கியைக் காட்டி 'பணமா, உயிரா?' என்று கேட்பான். பதிலே வராது. அரங்கம் சிரிக்க ஆரம்பிக்கும். அவன் மறுபடி அதட்டினால், 'யோசிச்சுக்கிட்டு இருக்கேன்ல!' என்று எரிந்து விழுவார்.

நாடகத்தைத் தாண்டி ஒரே ஒரு பதிவு. வாஷிங்டனில் டபிள்யூ.ஜே.எஸ்.வி. நிலையம் 1939 செப்டம்பர் 21 அன்று காலை தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை ஒலிபரப்பிய எல்லாவற்றையும், ஒரு நாள் முழுவதையும், பதிந்து வைத்தார்கள். ஐரோப்பாவில் போர் மூண்டு மூன்று வாரம். அன்றைக்கு அதிபர் ரூஸ்வெல்ட் நடுநிலைச் சட்டம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசுகிறார், அதே நாளில் பேஸ்பால் ஆட்டமும் உண்டு, குடும்பத் தொடர்களும் உண்டு, சமையல் விளம்பரமும் உண்டு. விடுமுறை நாள் ஒன்றில் காலையில் ஆரம்பித்து வீட்டு வேலை செய்துகொண்டே கேட்டுப் பாருங்கள். 'பொற்காலம்' என்பார்களே, அதில் எத்தனை மணி நேரம் சாதாரண அசட்டு நிகழ்ச்சி என்பதும் தெரியும்.

பொற்காலம் என்றதும் இரண்டு எச்சரிக்கை. அன்று மிகப் புகழ்பெற்ற 'ஏமோஸ் அன் ஆண்டி'யில் கறுப்பினப் பாத்திரங்களை நடித்தவர்கள் வெள்ளையர்கள், பேச்சைக் கேலி செய்வதே நகைச்சுவை. இன்று கேட்கக் கூசும். கீழைநாட்டுப் பாத்திரங்கள் வரும் இடங்களும் அப்படித்தான், இந்தியர் உட்பட. இன்னொன்று, 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் போட்ட செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகம். ஒலிபரப்பு நடந்தது, சிலர் உண்மை என்று நம்பிப் பயந்தார்கள், இதெல்லாம் உறுதி. நாடே தெருவுக்கு ஓடியது என்பது, வானொலிக்கு விளம்பரத்தை இழந்துகொண்டிருந்த பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலோர் போட்டி நிலையத்தில் எட்கர் பெர்கனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பொம்மையை வைத்துப் பேசும் கலைஞர். வாய் அசைகிறதா என்று பார்க்கவே முடியாத வானொலியில்!

சட்டம். நான் வழக்கறிஞன் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். 'பழசு எல்லாம் பொதுச்சொத்து' என்று விற்பவர்கள் சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் 2018ல் வந்த இசைத்துறைச் சட்டத் திருத்தப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு, 1947 முதல் 1956 வரையிலானவற்றுக்கு 110 ஆண்டு, அதன் பிறகு 1972 பிப்ரவரி வரையிலானவற்றுக்கு 2067 வரை பாதுகாப்பு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் காற்றில் ஒருமுறை போனதை 'வெளியீடு' என்று கொள்வதா என்பது வழக்கறிஞர் பேச வேண்டிய இடம். நடைமுறையில் நான் வைத்திருக்கும் வரம்பு இது: வீட்டில் கேட்பேன், நண்பருக்குக் கொடுப்பேன், காசுக்கு விற்கமாட்டேன், விளம்பர வருமானத்துக்காக எங்கும் ஏற்றவும் மாட்டேன்.

சேர்க்கும் முறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொடர், தலைப்பு, தேதி, கோப்பு எங்கிருந்து வந்தது, ஒலி எப்படி, பிடித்ததா. கேட்காத எதற்கும் அதில் இடம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வருடத்தில் என் நோட்டில் 3,100 சொச்சம் வரிதான் ஏறியிருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் அதைப்போல ஆறு மடங்கு கிடக்கிறது. எது என் சேகரிப்பு என்று கேட்டால் நோட்டைத்தான் காட்டுவேன்.

கடைசியாக உங்கள் தாத்தாவின் கேசட். நீங்கள் போகிற போக்கில் கேட்டதுதான் இந்தக் கேள்வியிலேயே அவசரமானது. 'சஸ்பென்ஸ்' எபிசோடு ஒன்று உங்கள் டிஸ்க்கில் அழிந்தால் நாளைக்கே மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கேசட்டில் இருப்பதற்கு உலகத்தில் வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம், ஏனென்றால் நாடாவை அழித்து மேலே பதிவது எல்லா நாட்டு நிலையங்களுக்கும் இருந்த பழக்கம். அமெரிக்கச் சிப்பாய் உடைக்காமல் வைத்த தட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வாரமே செய்யுங்கள். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள், தவறியும் அதன்மேல் பதிவாகாது. உள்ளே நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், விழுந்திருந்தால் ஓட்டாதீர்கள், நாடாவைத் திருகு வைத்த வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்டு, தலையைச் சுத்தம் செய்த நல்ல கேசட் டெக்கில் போடுங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். பேச்சில் 'ஸ' ஓசை எந்த இடத்தில் கூர்மையாக வருகிறதோ அதுவரை அதை மெல்லத் திருப்புங்கள், கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்கம் கூடவே கூடாது. அட்டையில் தாத்தா எழுதியிருப்பதைப் படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். அவர் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவராக இருந்தால் அறிவிப்பாளர் குரலோடு வீட்டுச் சத்தமும் விழுந்திருக்கும், குக்கர் விசில், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது. அதை வெட்டாதீர்கள்.